மூலையில் உட்கார்ந்திருந்த மூட்டை

தராசில் ஏறும்போது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். பிடித்தால் எடை குறையுமாம். அந்த அம்மா மட்டும், கூடுதலாகக் காட்டட்டும் என்று பிடித்தார். "மூச்ச வுடுங்கம்மா" என்று ஒவ்வொரு தடவையும் நான் சொல்ல வேண்டியிருந்தது.

நர்சிங் முடித்த கையோடு கள்ளக்குறிச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தேன். எதைக் கண்டாலும் உடனே சரிசெய்துவிடக் கை பரபரக்கும் வயது. இட ஒதுக்கீடு கேட்டுச் சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்ட காலம் அது. இன்று ஓடிய பஸ் நாளையும் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தியாகதுருகம் பக்கத்திலிருந்து மகனோடு வந்த அந்த அம்மாவுக்குத் தொப்புளில் குடலிறக்கம். உடம்பு இறங்கினால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இறக்குகிற வேலை எங்களுடையது.

மூத்த சிஸ்டர் திட்டவே இல்லை. "வூட்ல எல்லாரும் துன்னப்புறம் சட்டியில மீந்தா இன்னா பண்ணுவீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"கொட்டவா முடியும்? நான்தான் வழிச்சிக்குவேன்."

"இனிமே மாட்டுத் தொட்டியில ஊத்துங்க."

"அப்ப மாடு பெருத்துடுமே!"

"மாட்டுக்கு ஆபரேஷன் இல்லைங்கம்மா."

வார்டே சிரித்தது. ஆனால் எடை இறங்கவில்லை, ஏறியது. நான் துருவித் துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. மரம் வெட்டிய வழக்கில் போலீஸ் மகனைப் பிடித்துப் போனபோது, அவன் உயிரோடு திரும்பினால் தன் எடைக்கு எடை வெல்லம் தருவதாகக் கல்வராயன் மலையடிவாரக் கோயிலில் வேண்டியிருந்தார். மகன் திரும்பிவிட்டான். கோயிலிலோ திருவிழாவுக்குத்தான் தராசு கட்டுவார்கள்.

"வேண்டுனப்ப இருந்த ஒடம்ப கம்மி பண்ணிக்கினு போயி நின்னா, சாமிய ஏமாத்துனதா ஆவாதா? அது இவன் தலையில வுடிஞ்சா?"

"யம்மா, நீ இருக்கிற இருப்புக்கு வெல்லம் குடுத்தா சாமிக்கே சர்க்கர வந்துடும்" என்றான் மகன்.

"வாய மூட்றா. உன்னாலதான்டா இவ்ளோவும்."

எனக்குச் சட்டென்று ஒரு யோசனை. அவர் முதன்முதல் தராசில் ஏறியபோது இருந்த எடைக்கு மணல் கட்டி வைப்போம். திருவிழாவில் அந்த மூட்டையை வைத்து வெல்லம் போடட்டும். கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலைச் சாக்கில் நிரப்பினோம். சாக்கின் வாயை அந்த அம்மாவின் பழைய புடவைத் துண்டால் கட்டியது சிஸ்டர்தான். "சாமிக்கு அடையாளம் தெரியணும் இல்ல?" என்றார், கழுத்துச் சிலுவையை ஒதுக்கிக்கொண்டு.

அதன்பிறகு எடை இறங்கியது. சந்தை நாள்தோறும் வந்து தராசில் ஏறுவார். இறங்கியதும் வார்டு மூலையில் வைத்திருந்த மூட்டையைப் போய்த் தொடுவார். "நான் போறேன், நீ இரு" என்பார். விளையாட்டாகத்தான். ஆனால் அவர் இளைக்க இளைக்க, மூலையில் இருந்தது மணலாக எனக்குத் தெரியவில்லை. மலையிலிருந்து வந்து படுத்திருந்த ஒரு பெண் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க மாட்டேன் என்றாள். "அது யாருங்க, எப்பவும் ஒக்காந்துகினே இருக்குது?"

ஆபரேஷனுக்கு நாள் குறித்தோம். அந்த வாரம் சாலைகள் மறுபடியும் அடைபட்டன. குறித்த நாளில் அவர் வரவில்லை. பிதுங்கிய குடல் உள்ளே போகாமல் மாட்டிக்கொண்டிருந்தது. விழுந்து கிடந்த மரங்களைச் சுற்றி வயல்வழியாக மாட்டுவண்டியில் கொண்டுவந்து சேர்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இறக்க நானும் கைகொடுத்தேன். எவ்வளவு லேசாக இருந்தார்! அத்தனையும் நாங்கள் குறைத்தது.

திருவிழாவுக்கு முன்பு மகன் மட்டும் மூட்டைக்காக வந்தான். இனி எதற்கு என்றார் சிஸ்டர்.

"வேண்டுனது எனக்காகத்தான சிஸ்டர். நான் உயிரோடதான இருக்கேன்." பிறகு என்னிடம் கேட்டான்: "கம்மியாவலியே? ஒரு தபா போட்டுப் பாருங்க."

இருவருமாகப் புரட்டித் தராசில் ஏற்றினோம். நிமிர்த்தி உட்காரவைத்தேன். புடவை முனை மின்விசிறிக் காற்றில் அசைந்தது. தராசுக் கம்பி நிலைகொள்ளாமல் ஆடிக்கொண்டே இருந்தது.

"மூச்ச வுடுங்கம்மா" என்றேன், பழக்கத்தில்.

மகன் என் பக்கம் திரும்பவில்லை. கம்பி மெல்ல அடங்கி, அவர் முதன்முதல் ஏறி நின்ற அதே இடத்தில் நின்றது.