கிண்ணங்கள் மட்டும் தெரிந்த படம்

ஹியாம் ஊசி குத்தினால் குத்தியதே தெரியாது. ஹைஃபாவில் நாங்கள் வேலை பார்க்கும் கிளினிக்கில் இரத்தம் எடுக்கும் அறை அவளுடையது, வாசலில் இருக்கும் வரவேற்பு மேசை என்னுடையது. விடிந்ததும் வெறும் வயிற்றோடு வந்து நிற்கும் கிழவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வியே, "சமீஹா, இன்னைக்கு ஹியாம் இருக்காளா?" என்பதுதான். இல்லை என்றால் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய யூதர்கள், ஈராக்கிலிருந்து வந்தவர்கள், எங்கள் அரபு ஆட்கள் என்று எல்லோருக்கும் அவள்தான் வேண்டும்.

நாங்கள் இருவரும் பக்கத்து ஊரான ஷஃபா அம்ரில் ஒரே தெருவில் பிறந்து அதே தெருவில் வாழ்க்கைப்பட்டவர்கள். அதனால் எனக்குத் தெரிந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கண்பட்டுவிடும் என்று பயப்படுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. வீட்டுக்குப் புதிதாக ஒரு நாற்காலி வந்தாலும் போர்வை சுற்றித்தான் உள்ளே கொண்டுபோவாள். மகன் வலீத் கல்லூரியிலேயே முதலாவதாக வந்தபோது என்னிடம் சொன்னது, "ஏதோ தேறிட்டான்" என்று மட்டும்தான்.

"அடியே, உன் வீடு தீப்பிடிச்சாகூட, 'நல்லா எரியுதே'ன்னு யாராவது கண்ணு வச்சிடுவாங்கன்னு கதவைச் சாத்திப்ப" என்பேன்.

"உன் வாயைக் கழுவு" என்று மரமேசையைத் தட்டிக்கொள்வாள்.

அவள் மகள் நிபாலுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் குழந்தை தங்கவில்லை. எத்தனை முறை அழுதாள் என்று எனக்குத் தெரியும். இந்த வசந்த காலத்தில் மாதம் நிறையாமலே ஒரு பெண் குழந்தை பிறந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும் போல இருந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, குழாய் வழியாக மூச்சு கொடுத்தார்கள். ஹியாம் உடனே சட்டம் போட்டுவிட்டாள். நாற்பது நாள் கழியும்வரை குழந்தை பிறந்ததை யாரும் வெளியே சொல்லக் கூடாது. படம் எடுக்கக் கூடாது, பெயரைச் சொல்லக் கூடாது. எனக்குத் தெரிந்ததுகூட ஆஸ்பத்திரி வாசலில் தற்செயலாகப் பார்த்துவிட்டதால்தான்.

ஆனால் கராவியா காய்ச்சாமல் எப்படி இருப்பது? அரிசி மாவும் சீமைச் சீரகமும் சர்க்கரையும் சேர்த்து அடிப்பிடிக்காமல் கிளறிக் காய்ச்சி, மேலே வால்நட்டும் தேங்காய்த் துருவலும் தூவிக் கிண்ணங்களில் ஊற்றி வைக்காத பிரசவ வீடு எங்கள் ஊரில் கிடையாது. ஒரு நாள் காலையில் டாக்டர் குழாயை எடுத்துவிட்டார். குழந்தை தானாக மூச்சுவிட்டது. ஹியாம் வீட்டுக்கு ஓடிவந்து அடுப்பைப் பற்றவைத்தாள். நீண்ட மேசை நிறையக் கிண்ணங்களை அடுக்கிப் படம் எடுத்து, 'அல்ஹம்துலில்லாஹ்' என்ற ஒரே வார்த்தையோடு போனில் தன் சமூக வலைத்தளப் பக்கத்தில் போட்டாள்.

எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அது போதும். கராவியா இருக்கிறது, அதனால் பிறந்திருக்கிறது. குழந்தையைக் காணோம், அதனால் கண்ணேறுக்குப் பயப்படுகிறார்கள். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஒரு சிவப்பு இதயத்தைப் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். நானும் போடலாம் என்று போனை எடுத்தேன். அப்போதுதான் அது என்ன நாள் என்று உறைத்தது.

அன்று காலை வடக்கே ஒரு பேருந்து நிறுத்தத்தில் எங்கள் அரபு ஆள் ஒருவன் துப்பாக்கியோடு இறங்கி நாலு பேரைக் கொன்றிருந்தான். செத்தவர்களில் பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண்ணும் இருந்தாள். செய்தியில் அந்தப் பெண்ணின் பையைப் பார்த்து நான் அழுதேன். அழுதுகொண்டே பயந்தேன். அப்படிப்பட்ட நாட்களில் நாங்கள் போனில் எதையும் போட மாட்டோம். கல்யாணப் படமோ பிறந்தநாள் கேக்கோ போட மாட்டோம், யாராவது சிரிக்கிற முகம்கூடப் போட மாட்டோம்; கொலையைக் கொண்டாடுகிறோம் என்றுவிடுவார்கள். இது யாரும் எழுதி வைக்காத சட்டம், எங்கள் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். கராவியாவைக் கிளறிக்கொண்டிருந்தவள் செய்தி பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நான் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள், அங்கே போனை அணைத்து வைக்கச் சொல்வார்கள். அவள் திரும்ப வந்து படத்தை நீக்குவதற்குள் அது அவள் கையை விட்டுப் போய்விட்டது. யாரோ அதை ஸ்கிரீன்ஷாட் பிடித்து வைத்து, 'நம் கிளினிக்கில் நமக்கு ஊசி போடுகிறவள் இன்று இனிப்பு கொடுக்கிறாள்' என்று ஹீப்ருவில் எழுதிப் பரப்பியிருந்தார்கள். கீழே அவள் முழுப்பெயர் இருந்தது. கொஞ்ச நேரத்தில் தெருப் பெயரும் வந்தது.

சாயங்காலம் ஒரு சானலில் காட்டினார்கள். மேசை நிறைய இருந்த கிண்ணங்களை ஓரமெல்லாம் வெட்டிவிட்டு நாலு கிண்ணங்களை மட்டும் வைத்திருந்தார்கள். அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "நாலு உயிர், நாலு கிண்ணம்" என்றான் கோட்டு போட்ட ஒருவன். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது என்ன பண்டம் என்றுகூட ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. டிவியை உடைக்கலாம் போல இருந்தது எனக்கு.

அன்றிரவே ஹியாம் விளக்கம் எழுதினாள். 'இது எங்கள் வீட்டு விசேஷத்துக்குச் செய்தது. பேருந்து நிறுத்தத்தில் நடந்த கொலை எனக்குத் தெரியாது. இறந்தவர்களுக்காக என் மனம் எரிகிறது.' நான்தான் ஹீப்ருவில் சரிபார்த்துக் கொடுத்தேன். தேநீர் ஆறுவதற்குள் அதை வலைத்தளக்காரர்கள் நீக்கிவிட்டார்கள். 'உங்கள் பதிவு வன்முறையைப் போற்றுகிறது' என்று ஒரு அறிவிப்பு வந்தது. நீக்கியது மனிதனா இயந்திரமா என்று கடவுளுக்கே வெளிச்சம். மேல்முறையீடு என்ற பொத்தானை அழுத்தினோம். முடிவு சரியே என்று பதில் வந்தது. சரி, அவளைத் திட்டி அவள் தெருவைப் போட்டிருந்த பதிவைப் பற்றிப் புகார் செய்தோம். அது விதிகளை மீறவில்லையாம்.

இதற்குள் எங்கள் மொழியிலும் ஒரு கூட்டம் கிளம்பியது. எங்கேயோ வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு அரபுத் தளம் அதே படத்தைப் போட்டு, 'ஹைஃபாவின் வீரப் பெண்மணி' என்று மாலை மரியாதை செய்தது. யா பாவிகளே, உங்களுக்கு என்ன, குளுகுளு அறையில் இருக்கிறீர்கள். அவர்களும் அவளைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அதைப் படித்ததும் ஹியாம் வாசல் கதவைப் பூட்டிவிட்டு, பூட்டினோமா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தாள்.

காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. அவள் ஆஸ்பத்திரிச் சீட்டோடு போனாள். விசாரித்தவன் சீட்டைப் படித்தான், பேத்தியா என்று கேட்டான், வாழ்த்துகூடச் சொன்னான். கூப்பிட்டால் வர வேண்டும் என்று அனுப்பிவிட்டான். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

ஆனால் கிளினிக்கில் நிர்வாகி ஓர்னா எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். கெட்டவள் இல்லை. பண்டிகைக்கு எங்களுக்கு விடுமுறை கொடுக்கத் தன் வேலை நாளை மாற்றிக்கொள்கிறவள். அன்று அவள் முகமும் வெளுத்திருந்தது.

"ஹியாம், நான் உங்களை நம்பறேன். போலீஸும் நம்பிடுச்சு. ஆனா மேலிடத்துல என்ன சொல்றாங்கன்னா, படத்தைப் பாத்தவங்க நம்பணுமாம். ஜனங்க ஃபோன் பண்ணிக்கிட்டே இருக்காங்க. குழந்தை படத்தைப் போடுங்க, பேரோட. ஒரே நிமிஷத்துல முடிஞ்சிடும்."

"அது மட்டும் முடியாது."

"ஏன்?"

"நாப்பது நாள் ஆகல."

ஓர்னா என்னைப் பார்த்தாள். இதை எப்படி விளக்குவது? "எங்க வழக்கம் அப்படி" என்றேன்.

"வழக்கமா? வேலை போயிடும் ஹியாம். வீட்டு விலாசம் வெளியில இருக்கு. வழக்கத்தைப் பத்தி இப்ப யோசிக்கிற நேரமா?"

வெளியே வந்தபோது, வழக்கமாக ஹியாமிடம் மட்டுமே இரத்தம் கொடுக்கும் கிழவர் சஸோன் என் மேசை அருகே நின்றிருந்தார். பாக்தாதில் பிறந்த யூதர், எங்களோடு அரபியில்தான் பேசுவார். ஹியாமைக் கண்டதும் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டார். அவள் போன பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இத்தனை வருஷமா அவளை எனக்குத் தெரியும், பொண்ணே. அவ அப்படிப்பட்டவ இல்ல."

"அப்ப அதை அவ முகத்தைப் பாத்துச் சொல்லியிருக்கலாமே, பெரியவரே."

"சொல்லலாம்தான்..." என்று இழுத்தார். "ஆனா டிவில காட்டினாங்களே."

செருப்பைக் கழற்றி என்னையே அறைந்தது மாதிரி இருந்தது.

அன்று மாலை ஹியாமின் வீட்டுச் சுவரில் எவனோ சிவப்புச் சாயத்தால் வசவு எழுதிவிட்டுப் போயிருந்தான். அவள் கணவர் தௌஃபீக் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நிபாலிடம் அதுவரை எல்லாவற்றையும் மறைத்து வைத்திருந்தோம், ஆனால் போன் வைத்திருக்கிற பெண்ணிடம் எதை மறைப்பது? கண்ணாடிப் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் தாயைப் பார்த்ததும் எழுந்தாள்.

"யம்மா, படத்தைப் போட்டுடலாம்."

"வாயை மூடு."

"நீ ஜெயிலுக்குப் போனா, வீட்டைக் கொளுத்தினா, இவளை எங்கம்மா கூட்டிட்டுப் போறது?"

"ஊர்க் கண்ணு பட்டாலே தாங்காது, இது ஊர்க் கண்ணா? எல்லாம் வெறுப்போட பாக்கற கண்ணு, மகளே. இவ இன்னும் முழுசா மூச்சுவிடக் கத்துக்கல."

"கண்ணுக்குப் பயந்துதானே கிண்ணத்தை மட்டும் போட்ட? என்ன ஆச்சு பாரு!"

சொன்ன மறுகணமே நிபால் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஹியாம் சுவரில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டாள். நிபால் தன் போனை எடுத்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். இந்த முறை ஹியாம் தடுக்கவில்லை. இடுப்புத் துணியும் தொப்பியும் மட்டும் போட்டிருந்த அந்தச் சின்ன உடம்பைப் படம் எடுத்து, பெயரையும் பிறந்த நாளையும் எழுதி, 'என் அம்மா காய்ச்சிய கராவியா இவளுக்காக' என்று போட்டாள். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை.

முதலில் நல்லதாகத்தான் நடந்தது. மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ் என்று ஊரே எழுதியது. ஹீப்ருவிலும் சிலர் மன்னிப்புக் கேட்டார்கள். ஓர்னா கூப்பிட்டு அழுதாள். "மேலிடத்துக்கு அனுப்பிட்டேன். நீங்க வேலைக்கு வரலாம்" என்றாள். நான் ஹியாமைக் கட்டிக்கொண்டேன்.

பிறகு மற்றவர்கள் வந்தார்கள். 'இதுவும் வளர்ந்து துப்பாக்கி எடுக்கும்' என்று ஒருவன் எழுதினான். 'முளையிலேயே' என்று எழுதி மீதியை எழுதாமல் விட்டான் இன்னொருவன். அதற்குள் சமூக வலைத்தளம் படத்தை நீக்கிவிட்டது. ஆடையில்லாத குழந்தையாம், குழந்தைகளின் பாதுகாப்புக்காக நீக்கினார்களாம். நிபாலின் கணக்கையும் மூடினார்கள். நாங்கள் போட்டது மறைந்தது. குழந்தை படத்தின் ஸ்கிரீன்ஷாட் மட்டும் அவர்கள் எழுதியதோடு சுற்றிக்கொண்டே இருந்தது. அதில் யாரோ பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டைச் சுற்றி வட்டம் போட்டு, 'இது எந்த ஆஸ்பத்திரி, யாருக்காவது தெரியுமா?' என்று கேட்டிருந்தார்கள். அதற்குப் பதில்களும் வந்திருந்தன.

ஹியாம் வேலைக்குத் திரும்பவில்லை. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். கதவு திறந்தால் வருகிறவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைப் பார்த்தாள். போன் இருந்தால் எழுந்து நின்றாள். படம் போட்ட மறுநாள் மத்தியானம் நான் சாப்பாடு கொண்டுபோனபோது இளம் நர்ஸ் ஒருத்தி சின்னத் தட்டோடு உள்ளே வந்தாள். யூதப் பெண், கன்னத்தில் பருக்கள்கூட இன்னும் ஆறவில்லை.

"கொஞ்சம் தள்ளுங்கம்மா. குதிகால்ல ஒரே ஒரு சொட்டு ரத்தம் எடுத்துட்டுப் போயிடறேன்."

ஹியாம் எழுந்து முதுகால் கண்ணாடியை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"வேற யாரையாவது வரச் சொல்லு."

"ஏம்மா? நேத்து வரைக்கும் நான்தானே எடுத்தேன்? நீங்ககூட என் கை நல்ல கைன்னு சொன்னீங்களே?"

"நேத்து வரைக்கும் இவ முகம் யாருக்கும் தெரியாது" என்றாள் ஹியாம்.