பிள்ளை திடுக்கிட்ட நாள்

பெற்ற பிள்ளை பால் குடிக்க மறந்துபோனால் ஒரு தாய்க்கு எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பயத்தில் இருக்கும் யாராவது இதைப் படிக்கக்கூடும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். அம்மனின் பிள்ளைகளான உங்களிடம் எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நாங்கள் புலாவ் செபாங்கில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். என் கணவர் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து, இரண்டு முறை கரு தங்காமல் போன பிறகு, போன வருடம் ஆண் பிள்ளை பிறந்தான். துடைத்துத் தூக்கி என் மார்பில் போட்டார்கள். கண்ணைக்கூடத் திறக்காமல் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பாலைத் தேடினான் அந்தக் கள்ளன். யார் சொல்லிக் கொடுத்தார்கள் அவனுக்கு? நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

பிறந்ததும் எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஜி6பிடி என்ற சத்து அவனுக்குக் குறைவு என்று தெரிந்தது. சில பொருள்கள் பட்டால் அவன் இரத்தம் உடைந்துபோகும், மஞ்சள்காமாலை ஏறும். “முக்கியமா உபாட் கெகாட் வீட்டுல இருக்கவே கூடாதுக்கா” என்று மருத்துவமனைத் தாதி, எங்கள் பேச்சில் மிஸி, சொல்லி அனுப்பினார். உபாட் கெகாட் என்றால் அலமாரியில் போடும் அந்துருண்டைதான். என் கணவர் அன்றைக்கே வீட்டைத் தலைகீழாகப் புரட்டி, அலமாரி, கழிவறை, செருப்புப் பெட்டி என்று ஓர் உருண்டை விடாமல் பொறுக்கி எறிந்தார். அப்பாடா என்று இருந்தோம்.

அப்படியும் பிள்ளைக்கு மஞ்சள் ஏறியது. மருத்துவமனையில் சேர்த்து நீல விளக்கின் கீழ் படுக்க வைத்தார்கள். இறங்கியது. வீட்டுக்குக் கொண்டு வந்தோம். மறுபடியும் ஏறியது, முன்னைவிட வேகமாக. முதலில் முகம், பிறகு வயிறு, பிறகு உள்ளங்கால். குளிப்பாட்டும்போது முதலில் பார்த்தது என் கணவரின் அக்கா. பத்தியம் பார்த்துக்கொள்ள ரெம்பியாவிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன்.

“என்னம்மா இது, காலெல்லாம் மஞ்சளா இருக்கு? பாலுக்கும் வாயைத் திறக்க மாட்டேங்கிறானே!” என்றார். குரலே மாறிப் போயிருந்தது.

மார்பில் வைத்தேன். தேடவில்லை. கன்னத்தைத் தடவினேன். திரும்பவில்லை. வாயில் பாலைப் பிழிந்து விட்டேன். கடைவாய் வழியே ஒழுகியது.

மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருவர், நம் தமிழ்ப் பெண்தான், அவனைச் சோதித்துப் பார்த்தார். தலையைக் கையில் தாங்கிச் சட்டென்று கொஞ்சம் தாழ்த்தினார். பக்கத்தில் கையைத் தட்டினார். மறுபடியும் தட்டினார். பிள்ளை அசையாமல் கிடந்தான்.

“எதுக்கு டாக்டர் அப்படித் தட்டுறீங்க?” என்று கேட்டேன்.

“பச்சைப் பிள்ளைன்னா இப்படிச் செஞ்சதும் ரெண்டு கையையும் விரிச்சுத் திடுக்கிடணும்க்கா. உங்க பிள்ளை ரொம்பச் சோர்ந்திருக்கான். மஞ்சள் மூளைக்குப் போயிடக் கூடாது. காதையும் பாதிக்கும். ரத்தத்தை மாத்த வேண்டி வரலாம். ரத்தத்துக்குச் சொல்லிட்டோம்.”

அவர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். அந்துருண்டை? இல்லை. நாட்டு மருந்து? இல்லை. நான் ஏதாவது சாப்பிட்டேனா? அண்ணி போட்ட பத்தியத்தைத் தவிர ஒன்றுமில்லை. விளக்கில் வைத்தால் இறங்குகிறது, வீட்டுக்குப் போனால் ஏறுகிறது, அது ஏன் என்றுதான் யாருக்கும் பிடிபடவில்லை.

கண்ணைக் கட்டி, துணியில்லாமல் நீல வெளிச்சத்தில் அவன் கிடந்தான். தூக்கக் கூடாது. நெஞ்சில் பால் கட்டி வலித்தது, குடிக்க ஆளில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அம்மனிடமும் சண்டை போடுவேன். அன்று சண்டை போடக்கூடத் தெம்பில்லை. கண்ணாடிப் பெட்டியில் நெற்றியை வைத்துக்கொண்டு வேண்டினேன். “தாயே, என் பிள்ளையை எது தின்னுதுன்னு காட்டிக் கொடு. அது தெரியாம நான் இவனை எந்த வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவேன்?” இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். வேறு வார்த்தை வரவில்லை.

பிறகு கணவருக்குப் போன் போட்டேன். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருநீறு வேண்டும், பிள்ளையின் தலைமாட்டில் வைக்க வேண்டும் என்றேன். அவர் வீட்டுக்கு ஓடினார். திருநீற்றைப் பொதிந்து கொடுக்க அண்ணி கையில் கிடைத்த துணியை எடுத்தார். காலமான என் மாமனாரின் வேட்டித் துண்டு அது. பிறந்த முப்பதாம் நாள் படையல் போட்டு முப்பது கும்பிடும் வரை பிள்ளைக்குப் புதுத்துணி போடக் கூடாது, பெரியவர்கள் உடுத்திய துணியில்தான் சுற்ற வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதற்காகவே அண்ணி ரெம்பியாவிலிருந்து ஒரு பெட்டி நிறைய வேட்டிகளைக் கொண்டு வந்திருந்தார். ஒவ்வொன்றாகக் கிழித்து, துவைத்து, சாம்பிராணிப் புகை காட்டித்தான் பிள்ளைக்குச் சுற்றுவார். வீட்டில் சாம்பிராணி மணத்தைத் தவிர வேறு மணம் எங்கள் மூக்கில் ஏறியதே இல்லை.

அன்று அவசரம். துவைக்கவில்லை, புகை காட்டவில்லை. பெட்டியிலிருந்து எடுத்து, பொதிந்து, பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்துவிட்டார்.

வார்டில் மலாய்க்கார மிஸி ஒருவர் அந்தப் பையை வாங்கிப் பிரித்தார். பிரித்த வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “காக்கா, இனி பாவ் உபாட் கெகாட்!”

அக்கா, இது அந்துருண்டை வாடை என்கிறார். நானும் மோந்து பார்த்தேன்.

பெட்டியின் அடியில், மாமனார் இறந்த நாளிலிருந்து துணி கெடாமல் இருக்க அண்ணி போட்டு வைத்து, மறந்தும்போன உருண்டைகள் இருந்திருக்கின்றன; பழகிப்போன வாடை அவருக்கு உறைக்கவில்லை. பாதி கரைந்து துணிக்குள்ளேயே ஊறியிருந்தது. எங்கள் வீட்டு உருண்டைகளை எறிந்தோம். விருந்தாக வந்த பெட்டியை யார் திறந்து பார்த்தோம்? ஒரு தடவை துவைத்தால் போகிற வாடை இல்லையாம் அது. ஆசீர்வாதம் என்று நினைத்துப் பிள்ளையைத் தினமும் அதில்தான் சுற்றினோம்.

டாக்டர் ஓடி வந்தார். கேட்டுவிட்டு, “நல்லவேளை இது கண்ணுல பட்டுச்சு. இல்லைன்னா டிஸ்சார்ஜ் ஆனதும் திரும்பவும் இதுலதானே சுத்தியிருப்பீங்க?” என்றார். இரத்தம் மாற்றத் தயாரானார்கள். அதற்கு முன் ஒரு முறை மஞ்சளின் அளவு பார்த்தார்கள். இறங்கத் தொடங்கியிருந்தது. அடுத்த முறை இன்னும் இறங்கியது. இரத்தம் மாற்றத் தேவைப்படவில்லை.

விளக்குதான் குணப்படுத்தியது என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும், விளக்கும் டாக்டரும் இல்லாமல் முடியாதுதான். ஆனால் காட்டிக் கொடு என்று கேட்டவள் நான். காட்டிக் கொடுத்தவள் யார் என்று எனக்குத் தெரியும்.

அண்ணி பெட்டியைத் தூக்கி எறிந்தார், துணிகளையும் எறிந்தார். வீட்டுக்கு வந்த பிறகு பிள்ளையைத் தொடவே மாட்டேன் என்றார். “என் கையே வேணாம்மா அவனுக்கு” என்று மூலையில் உட்கார்ந்து அழுதார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்றால் பொய். வந்தது, நெஞ்சு கொதித்தது. ஆனால் என்னைப் போலவே அவரும் பயந்துபோயிருந்தார். அவர் மடியில் பிள்ளையைப் போட்டேன். “நீங்க குளிப்பாட்டலைன்னா எனக்கு யாரு இருக்கா அண்ணி?” என்றேன். முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

பயம் மட்டும் என்னை விடவில்லை. பால் குடித்தான், அழுதான். காது? டாக்டர் பரிசோதனைக்கு நாள் கொடுத்திருந்தார். எனக்குச் சோதித்துப் பார்க்கவே தைரியமில்லை. ஒரு தட்டைக் கீழே போட்டால் தெரிந்துவிடும். போட மாட்டேன். அவன் அசையாவிட்டால் என்ன செய்வேன்?

முப்பது கும்பிட்டுக் கோயிலுக்குப் போனோம். பிள்ளை அண்ணி மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். பூசாரி தீபம் காட்ட, யாரோ மணியை ஓங்கி அடித்தார்கள். பிள்ளை இரண்டு கையையும் விரித்து உடம்பெல்லாம் திடுக்கிட்டு, வாய் கோணி வீரிட்டு அழுதான். “ஐயோ பாவம், பயந்துட்டான், வெளிய தூக்கிட்டுப் போங்கம்மா” என்றார்கள். நானும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இருவருக்கும் கண்ணில் தண்ணீர். பிறகு காதுப் பரிசோதனையிலும் குறையில்லை என்றார்கள். எனக்கு அன்றே தெரிந்துவிட்டது.

பயமாக இருந்தால் பயத்தோடேயே அவளிடம் போங்கள். தைரியம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அழகான வார்த்தையும் தேட வேண்டாம். அன்று அந்தச் சந்நிதியில் எல்லோரும் பிள்ளையைச் சமாதானப்படுத்தினார்கள். நான் ஒருத்திதான் கைகூப்பி, “இன்னும் ஒரு தடவை அடிங்கய்யா” என்று கேட்டேன்.