வூலா செய்த வளையம்

மூன்றாவது மகன் பிறந்த பிறகு எனக்குக் கர்ப்பப்பை இறங்கிவிட்டது. உட்கார்ந்தால் ஏதோ முட்டையின் மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஆஸ்திரேலியாவில், ஜீலாங் நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் உட்காராமல் எப்படிப் பிழைப்பது? அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்றார் டாக்டர். இல்லாவிட்டால் உள்ளே வைத்துத் தாங்கும் வளையம் ஒன்று இருக்கிறது, ஆனால் அதைக் கழற்றவும் மாட்டவும் ஒவ்வொரு தடவையும் அவரிடமே போக வேண்டும். இரண்டுமே பிடிக்காமல்தான் வூலா கனெல்லிஸிடம் போய்ச் சேர்ந்தேன்.

வூலா பிசியோதெரபிஸ்ட். அவள் அப்பா மீன் பொரித்து விற்கும் கடை வைத்திருந்த கிரேக்கர். அந்தக் கடைக் குரல் மகளுக்கும் வந்திருந்தது. படுத்துக்கொண்டு நான் விசும்பியபோது பக்கத்து அறைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"அழுங்க ரோண்டா, நல்லா அழுங்க. ஆனா மூச்சை மட்டும் அடக்காதீங்க, இருக்கறதும் கீழ வந்துடும்."

அழுகையோடு சிரித்துவிட்டேன். அவளுக்கும் இதே தொல்லை, இரட்டைப் பெண்கள் பிறந்த நாளிலிருந்து. அந்த எரிச்சலில்தான் சமையலறை மேசையில் களிமண் அச்சு பிடித்து, சிலிக்கோன் ஊற்றி, வளையம் வளையமாகச் செய்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் தொங்கும் வால் போன்ற நுனியை இழுத்தால் சுருங்கி வெளியே வந்துவிடும் வளையம். குளிக்கும்போது நாமே கழற்றலாம், கழுவலாம், திரும்ப மாட்டலாம். அவள் கணவர் அடுப்பங்கரைக்கு விருந்தாளிகளை விடவே மாட்டாராம்.

இதைக் கம்பெனியாக ஆக்கலாம் என்று சொன்னது பிப் கார்சைடு. பிப் மகப்பேறு மருத்துவர்; வூலாவோடு ஒரே பள்ளியில் படித்தவள்; அந்த இரட்டைப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்தவளும் அவள்தான். வூலாவுக்குச் செய்யத் தெரியும், பிப்புக்குப் பேசத் தெரியும். மூடிப்போன கார் தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்தார்கள்.

முதலீடு கேட்க மெல்போர்ன் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். நீளமான மேசை, சுற்றிலும் ஆண்கள். ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார்:

"அந்த உறுப்போட பேரைச் சொல்லாம இதை விளக்க முடியுமா?"

"முடியாது," என்றாள் வூலா. "நீங்க அது வழியாத்தான் வந்தீங்க."

பிப் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தாள். நான் எழுந்து, "அந்த வளையம் இப்ப எனக்குள்ளதான் இருக்கு, பாருங்க," என்று சொல்லி அங்கேயே குதித்துக் காட்டினேன். அதுவரை தும்மினாலே பயந்தவள் நான். ஒருவர் தண்ணீரைக் கோட்டின் மேல் கொட்டிக்கொண்டார். மிச்சத்தைப் பிப் பேசினாள். பணம் கிடைத்தது.

பிறகு சோதனைக் காலம். மேற்கே வாரணம்பூல் வரைக்கும் பால்பண்ணைக்காரிகள், ஆசிரியைகள், நர்சுகள் என்று ஊரூராக வூலாவே போய் அளவெடுத்து மாட்டிவிட்டாள். பள்ளி விடுமுறையில் நான் அவளுக்குக் கார் ஓட்டினேன். "இதை உங்ககிட்டேருந்து யாரும் பறிக்க மாட்டாங்க" என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்வாள். நான் காதால் கேட்டிருக்கிறேன்.

அப்படிக் கோலாக் என்ற ஊருக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு நாள் அவள் போன் அடித்தது. முதலீட்டாளர்களில் ஒருவர்.

"வாழ்த்துகள் வூலா! நீங்களும் சரின்னு ஓட்டுப் போட்டதுல எங்களுக்கு ரொம்ப சந்தோஷம்."

"எதுக்கு ஓட்டு?"

கம்பெனியை விற்பதற்கு. இறங்கிய கர்ப்பப்பைக்கு அறுவை சிகிச்சைச் சாமான் செய்து விற்கிற பெரிய கம்பெனி ஒன்று முன்பே விலை பேசி வந்திருந்தது; வூலா முடியாது என்று சொல்லியிருந்தாள். அன்றைக்கு நடந்த கூட்டம் வெறும் சம்பிரதாயம் என்று பிப் சொல்ல, வூலா தனக்குப் பதில் ஓட்டுப் போடும் உரிமையைக் கையெழுத்துப் போட்டு அவளிடமே கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"வண்டியை நிறுத்து," என்றாள். இறங்கி மாட்டுவேலி வரை போய்த் திரும்பி வந்து ஏறினாள். நான் வண்டியைத் திருப்பி நேராகப் பிப் வீட்டுக்கு ஓட்டினேன்.

கதவைத் திறந்த பிப், "உள்ள வா, டீ போடறேன்," என்றாள். எதிர்பார்த்துத்தான் இருந்திருக்கிறாள். வூலா வாசலை விட்டு நகரவில்லை.

"என் ஓட்டை எப்படி நீ போடலாம்?"

"நீ இருந்திருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்ப."

"அதனால நான் இல்லாத நாளாப் பாத்தியா?"

"வூலா, அந்தக் கொட்டகையில உக்காந்து உலகம் பூரா அனுப்ப நம்மால முடியாது. அவங்களால முடியும். நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

"அவங்க ஆபரேஷன் சாமான் விக்கறவங்கடீ! பொம்பளைங்க தானே போட்டுத் தானே கழட்டிக்கிட்டா அவங்க சரக்கு எங்க போகும்? இதை வாங்கிப் பெட்டியில போட்டுப் பூட்டத்தான் போறாங்க."

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்."

வூலா பிப்பின் கைகளையே பார்த்தாள். "என் பொண்ணுங்களை முதல்ல தொட்ட கை அது," என்றாள். அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

வக்கீலைப் பார்த்தாள். கொடுத்த உரிமை கொடுத்ததுதான் என்றார் அவர். அடுத்த குளிர்காலத்தில் வாங்கியவர்கள் கொட்டகையைப் பூட்டினார்கள். சோதனை முடிந்தது, வளையங்களைத் திருப்பி அனுப்புங்கள் என்று எங்கள் எல்லோருக்கும் தகவல் வந்தது.

வூலா ஒளிந்துகொள்ளவில்லை. கால்பந்து கிளப் கூடத்துக்கு எங்களை வரச்சொல்லி, நடந்ததை நின்றபடி சொன்னாள். எனக்கே கோபம் வந்தது.

"உனக்கும் பங்கு வந்துச்சில்ல?" என்று கேட்டேன்.

"வந்துச்சு. வீட்டை அடமானம் வெச்சுத்தான் ஆரம்பிச்சேன், வாங்கிக்கிட்டேன்."

"பறிக்க மாட்டாங்கன்னு சொன்னியே?"

"சொன்னேன், ரோண்டா. நம்பித்தான் சொன்னேன்."

கோலாக்கிலிருந்து வந்த டாட் என்கிற பால்பண்ணைக்காரிதான் எழுந்தாள்.

"திருப்பிக் குடுக்கணுமாமே? அந்த மேனேஜரை என் பண்ணைக்கு வரச்சொல்லு. கையை நல்லாக் கழுவிட்டு வரணும், அவ்வளவுதான்."

வூலா உட்பட எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். ஒருத்தியும் திருப்பி அனுப்பவில்லை. ஆனால் அதனால் பெரிய பயன் ஒன்றும் இல்லை. சிலிக்கோன் தேய்கிற பொருள். என் வளையம் ஒரு கோடையில் கிழிந்தது. மாற்றிக்கொள்ள வேறு இல்லை. இப்போது டாக்டரே கழற்றி மாட்டும் பழைய வகை வளையத்தோடுதான் பேருந்து ஓட்டுகிறேன். டாட் அறுவை சிகிச்சை செய்துகொண்டாள். பிப் அந்தப் பெரிய கம்பெனிக்கு ஆலோசகராகப் போய்விட்டாள்.

வூலா தன் கிளினிக்குக்குத் திரும்பினாள். சில வருடங்களுக்கு இதுபோன்ற எதையும் செய்யக் கூடாது என்று விற்பனை ஒப்பந்தத்தில் இருந்தது. அந்தக் கெடு முடிந்துவிட்டது என்று தெரிந்து, போன மாதம் சிகிச்சைக்குப் போனபோது அவளிடம் கேட்டேன்.

"மறுபடி ஆரம்பியேன். இதைவிட நல்லதா ஒண்ணு செய்யலாமே?"

கைகளைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"மண்டைக்குள்ள இருக்கு. ஆனா தனியாச் செய்யற வேலை இல்லையே. இன்னொருத்தர் வேணும். யாரையாவது பாத்தா, நான் இல்லாத எந்த நாளை இவ பாத்து வெச்சிருக்காளோன்னுதான் தோணுது."

பிறகு என் முட்டியைத் தட்டி, எழுந்திருக்கச் சொன்னாள். வெளியே அடுத்தவள் காத்திருந்தாள்.