அத்தான் பிடித்த ட்ரில்லிங் மிஷின்

காதுக்காரி என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிட்டார்கள். நீளமான ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையை எஞ்சின்மேல் ஊன்றி, எந்தச் சிலிண்டரில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவாள். அக்காவின் கணவர் நடத்திய பட்டறையில் பதினோரு வருடம் வேலை பார்த்தாள்.

அந்த வேலை ஒரே மதியத்தில் போனது. ஐஸ் கம்பெனிக்காரரின் பழைய பெட்ரோல் லாரி எஞ்சினை முழுக்கப் பிரித்துக் கோத்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தாள். திரும்பி வருவதற்குள் அத்தான் அவசரப்பட்டு அதை ஸ்டார்ட் செய்துவிட்டார். அடியில் ஆயில் இருந்தது, மேலே ஏறியிருக்கவில்லை. வால்வுகளைத் தூக்கும் புது டேப்பெட்டுகள் வறட்டு இரும்பில் உரசி, அவற்றைத் தள்ளும் கேம் ஷாஃப்டைச் சுரண்டித் தள்ளிவிட்டன. ஐஸ்காரர் வந்து கேட்டபோது அத்தான் வாய் கூசாமல் சொன்னார்: "இவ ஆயில் ஊத்த மறந்துட்டா சார். சொந்தக்காரின்னு வச்சேன் பாருங்க, என் தப்பு."

பட்டறையே கேட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற அக்கா வாயே திறக்கவில்லை.

அவள் சண்டை போடவில்லை. ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறி, இரண்டு தெரு தள்ளி ஒரு தகரக் கொட்டகையில் தனியாகத் தொழில் தொடங்கினாள். ஆனால் அந்த வார்த்தை உள்ளே கிடந்து அறுத்தது. பல் தேய்க்கும்போதுகூட அத்தானுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருடம் கழித்து ஐஸ்காரர் அதே எஞ்சினோடு வந்து நின்றார்.

"நீ போன பிறகும் ரெண்டு தடவை இதே கதைதான்மா. உன் அத்தான்கிட்ட கேட்டா, சாமான் சரியில்லைங்கிறார்."

"நான் செஞ்சு தர்றேன் சார். ஸ்டார்ட் பண்ற அன்னிக்கு அத்தானும் பக்கத்துல நிக்கணும். நீங்கதான் கூப்பிடணும்."

அந்த எஞ்சினுக்கு அவள் செய்த உபசாரம் எந்த எஞ்சினுக்கும் செய்ததில்லை. பதினாறு ஹைட்ராலிக் டேப்பெட்டுகளையும் ஆயில் தட்டில் முங்கவைத்து, ஒவ்வொன்றையும் குச்சியால் அமுக்கி அமுக்கி, குமிழி வருவது நிற்கும்வரை காற்றை வெளியேற்றினாள். உள்ளே ஆயில் நிறைந்தால்தான் அவை வால்வின் இடைவெளியைத் தாமே சரிக்கட்டும். புது கேம் ஷாஃப்டில் மசகுப் பசை தடவினாள். ஃபில்டரை ஆயிலால் நிரப்பி மாட்டினாள். அமுக்கிய ஒவ்வொரு அமுக்கலிலும் அத்தானின் முகம்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அத்தான் அக்காவோடு வந்தார். மைத்துனியின் எஞ்சின் மண்ணைக் கவ்வுவதைப் பார்க்கும் ஆசை அவருக்கு. ஐஸ்காரரும் அவருடைய மூன்று டிரைவர்களும் சுற்றி நின்றார்கள்.

அவள் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஆயில் பம்பின் தண்டில் ட்ரில்லிங் மிஷினைப் பொருத்தினாள். "கொஞ்சம் பிடிங்க அத்தான். மேல ஆயில் வரணும்."

எல்லோர் முன்னாலும் எப்படி மறுப்பது? பிடித்தார். பம்பு சுழன்றது, பிரஷர் மீட்டரின் முள் ஏறியது. அவள் எஞ்சினை ஸ்பேனரால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே, மேல்மூடி திறந்திருந்த வால்வு ராக்கர்களில் ஆயில் கசிவதை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

ஐந்து நிமிடத்தில் அத்தானுக்குக் கை கடுத்தது. "இதெல்லாம் யாரும்மா செய்றாங்க? ஆயிலை ஊத்தி செல்ஃப் அடிச்சா அதுவா ஏறிக்குது. நான் எல்லா வண்டிக்கும் அப்படித்தான்."

"எல்லா வண்டிக்குமா?" என்றார் ஐஸ்காரர்.

"ஆமா சார்."

"என் வண்டிக்கும்? அப்ப அன்னிக்கும் நீங்கதான் அப்படி ஸ்டார்ட் பண்ணியிருக்கீங்க. இந்தப் பொண்ணு ஆயில் ஊத்தலைன்னு சொன்னது?"

மிஷின் நின்றது. டிரைவர்களில் ஒருவன் சிரிப்பை அடக்க இருமினான்.

"நிறுத்தாதீங்க அத்தான்," என்றாள் அவள். "இன்னும் ரெண்டுக்கு வரல."

அவர் மறுபடி அழுத்தினார். காது மடல் சிவந்திருந்தது.

எல்லாவற்றையும் மூடி, டிஸ்ட்ரிபியூட்டரைப் பழையபடி பொருத்தி, செல்ஃப் அடித்தாள். முதல் அடியிலேயே பிடித்துக்கொண்டது. சில விநாடிகள் டக் டக்கென்று தட்டியது. அத்தான் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அந்தத் தட்டல் அடங்கியது. புது கேம் படிவதற்காக இருபது நிமிடம் ஆக்ஸிலரேட்டரைக் குறைக்காமல் பிடித்திருந்தாள். அந்த இரைச்சலில் யாரும் எதுவும் பேச முடியாது. அத்தான் போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நிற்பதை ஆசை தீரப் பார்த்தாள்.

எஞ்சினை அணைத்ததும் ஐஸ்காரர், "இனிமே என் நாலு வண்டியும் உன்கிட்டதான்," என்றார். அத்தான் வெளியே நடந்தார்.

அக்கா மட்டும் நின்றாள். "போதுமாடி?"

"போதாதுக்கா. அவர் பட்டறையில, அதே ஆளுங்க முன்னாடி, 'நான்தான் பொய் சொன்னேன்'னு சொல்லணும். நீயும் பக்கத்துல நிக்கணும்."

அத்தான் கடைசிவரை சொல்லவில்லை. அக்கா எட்டு மாதம் பேசவில்லை. அது அவளுக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் அவள் இறங்கி வரவில்லை. ஐஸ் லாரிகள் கொட்டகைக்கு வர நேர்வழி ஒன்று இருந்தது. டிரைவர்களிடம் அவள் வேறு வழி சொல்லிவைத்தாள்: அத்தான் பட்டறை வாசல் வழியாக, மெதுவாக, ஒரு ஹாரன் அடித்துவிட்டு வரவேண்டும்.