செல்வி வீட்டுக்காரர் கொடுத்த டெஸ்ட்

ஃபினாயில் வாசனையும் மல்லிகைப்பூ வாசனையும் கலந்து அடித்தால் எனக்கு இப்போதும் மயிலாப்பூர் ஞாபகம்தான். குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து, மாடியில் கிளினிக். குழந்தையின்மை சிகிச்சை டாக்டராக நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த இடம். இருபத்தைந்து வருஷம் இருக்கும்...

ஹால் முழுக்கப் பெண்கள். மாமியாரோடு, நாத்தனாரோடு, அம்மாவோடு. புருஷன்மார் எல்லாம் கீழே டீக்கடையில்! குழந்தை இல்லையென்றால் அது பொம்பளை சமாச்சாரம் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு.

இத்தனைக்கும் ஆண்களுக்கான டெஸ்ட் சுலபம். ஊசி இல்லை, வலி இல்லை. ஒரு சின்ன டப்பாவில் விந்து எடுத்துக் கொடுத்தால் போதும். ஆனால் அதற்கென்று எங்களிடம் தனி இடம் கிடையாது. இருந்த ஒரே பாத்ரூம் ஹாலை ஒட்டி. டப்பாவோடு ஒரு ஆள் உள்ளே போனால் அத்தனை கண்ணும் அந்தக் கதவு மேல்... எப்பேர்ப்பட்ட சூரனும் வியர்த்து விறுவிறுத்து வெறுங்கையோடு வெளியே வந்துவிடுவான்.

செல்வியின் வீட்டுக்காரர் குமாரும் அப்படித்தான் (பெயர்களை மாற்றியிருக்கிறேன்). கோடம்பாக்கத்தில் சினிமா லைட்மேன். பாத்ரூம் வரை போவார், திரும்பிவிடுவார். அதற்குள் செல்விக்கு ஸ்கேன், ரத்தம், கருக்குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே என்று எல்லாம் முடிந்து, எல்லாமே நார்மல்.

மாமியார் மட்டும் விடவில்லை. "எம்புள்ளைக்கு இன்னா கொறை? ராஜா மாதிரி கீறான். இந்த வாட்டியும் ஒண்ணும் ஆவலன்னா வேற பொண்ணு பாத்துக்கினு போய்க்கினே இருப்போம்" என்றார். செல்வியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே!

எனக்குச் சுர்ரென்று ஏறியது. குமாரை டப்பாவோடு என் ரூமுக்குள் அனுப்பினேன். "தாழ்ப்பாள் போட்டுக்கோங்க. அவசரமே இல்ல. நான் வெளியில உக்காந்து பாத்துக்கறேன்."

பிபி மிஷினைத் தூக்கிக்கொண்டு ஹால் பெஞ்சில் உட்கார்ந்து பேஷன்ட் பார்த்தேன். கிசுகிசுத்தார்கள், சிரித்தார்கள்... சிரிக்கட்டும்.

ரிசல்ட்டில் உயிரணுக்கள் ரொம்பக் குறைவு. சில வாரம் கழித்து மறுபடி பார்த்தும் அதேதான். இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். செல்வி நிம்மதிப் பெருமூச்சு விடுவாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா, அத்தைக்குத் தெரிய வேணாம். பழி என்மேலயே இருந்துட்டுப் போவட்டும். அவரு தாங்க மாட்டாரு..."

தன்னை வீட்டைவிட்டே அனுப்பிவிடுவார்கள் என்று தெரிந்துதான் சொல்கிறாள்.

குமார் எழுந்து ஹாலுக்குப் போனார். அத்தனை பெண்களுக்கும் நடுவில் அம்மா முன்னால் நின்றார்.

"எம்மா... கொறை எங்கிட்டதான் கீது. இனிமே செல்விய ஒரு வார்த்த சொல்லாத."

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்புறம் சில மாதம் இருவரும் ஜோடியாகவே சிகிச்சைக்கு வந்தார்கள். பிறகு ஆதம்பாக்கம் பக்கம் வீடு மாற்றிப் போய்விட்டார்கள். குழந்தை பிறந்ததா என்று எனக்குத் தெரியாது. பிறந்திருக்க வேண்டும் என்று ஆசை.

இப்போது அடையாரில் இருக்கிறேன். சாம்பிள் கொடுக்க ஏசி ரூம், சோஃபா, தனி வழி. ரிப்போர்ட் நேராக அவரவர் போனுக்கு. யாருக்கும் வியர்ப்பதில்லை.

போன வாரம் ஒரு ஐடி தம்பதி. கணவருக்குத்தான் உயிரணு எண்ணிக்கை குறைவு. மனைவி மருந்து வாங்கப் போன நேரத்தில் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "டாக்டர், எங்கம்மா கால் பண்ணுவாங்க... ப்ராப்ளம் அவளுக்குன்னே சொல்லிடுங்களேன், ப்ளீஸ்."

முடியவே முடியாது என்று நான் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போதே மனைவி கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"அவர திட்டாதீங்க டாக்டர். அப்படிக் கேக்கச் சொன்னதே நான்தான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். குமார் மாதிரி எழுந்திருப்பார் என்று நினைத்தேன்... எழுந்திருக்கவில்லை.