கோசோவில் கரண்ட் போகாது

என் மூத்த சகோதரி ஜஸீலா ராத்தா, ரங்கூனின் லான்மடா பேட்டையில் ஐந்தாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு வெளிநாட்டுச் சுற்றுலாக் கம்பெனிக்காகத் தீவுகளைப் பற்றி எழுதுகிறாள். அவள் ரங்கூனை விட்டு எங்கும் போனதில்லை. தினமும் கரண்ட் இருக்கும் நாலு மணி நேரத்துக்குள் எழுதி அனுப்பிவிட வேண்டும்.

போன வாரம் கோசோ. மத்தியதரைக் கடலில், மால்டாவை ஒட்டிய சின்னத் தீவு. 1551இல் துருக்கிக் கப்பல்கள் வந்து ஊர் ஜனங்களை அநேகமாக மொத்தமாகவே அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு போயின. மிஞ்சியவர்களும் பின்னால் வந்தவர்களும் இரவில் கோட்டைக்குள்தான் படுக்க வேண்டும் என்று ரொம்ப காலம் சட்டம் இருந்தது. இதையெல்லாம் எழுதிவிட்டு, 'இன்றைய கோசோவின் அமைதி' என்று தலைப்புப் போட்டாள்.

"இங்கே வாலிபர்கள் தெருவில் நடக்கலாம். வீட்டில் யார் தங்கியிருக்கிறார்கள் என்று கதவைத் தட்டிக் கேட்க ஆள் வராது. கரண்ட் போகாது."

அமைதி என்றால் எங்களுக்கு வேறென்ன?

கம்பெனிக்காரன் அத்தனையும் அடித்துத் திருப்பி அனுப்பினான். "இதெல்லாம் எல்லா ஊரிலும் உள்ளதுதானே? கடற்கரையைப் பற்றி எழுதுங்கள்."

"இந்த ஆளை ஒரு வாரம் நம்ம வீட்டில கொண்டாந்து வைக்கணும் ராத்தா" என்று கத்தினேன்.

அவள் உப்புப் பாத்திகளையும் நீல நிறக் குடாவையும் எழுதினாள். பட்டாளத்துக்குப் பிடித்துப் போவார்கள் என்று பதினொரு மாதமாகப் படியிறங்காத அவள் மகன் நிஹால், பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தான்.

"உம்மா, அந்தக் கோட்டைக் கதவைக் காலையிலயாவது திறந்து விட்டாங்களா?"