ஒரு நம்பரில் இருபத்து மூன்று பேர்

போன வாரம் வைட்ஃபீல்டில் ஒரு கிளினிக். மனைவிக்கு முட்டி வலி. ரிசப்ஷனில் இருந்த பெண் கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினார், மொபைல் நம்பரைத் தட்டினார், உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த நம்பர்ல ஏற்கெனவே ஒரு பேஷன்ட் இருக்காரு மேடம்."

"அது நான்தாம்மா" என்றேன். "போன மாசம் பல்லுக்கு வந்தேன்."

"ஒரு நம்பருக்கு ஒருத்தரைத்தான் சார் எடுத்துக்கும். ஒருத்தரை டெலீட் பண்ணிட்டா சரியாயிடும். யாரை எடுக்கட்டும்?"

"இவரையே எடுத்துடும்மா" என்றாள் மனைவி. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை!

வழக்கமாக இந்த இடத்தில் நான் கத்துவேன். கேஸ் ஏஜென்ஸியிலும் ரேஷன் ஆபீஸிலும் நான் கத்திய கதைகளை எல்லாம் இந்தப் பக்கத்தில் படித்துச் சலித்தவர்கள் நீங்கள். அன்று வாயே திறக்கவில்லை. மனைவி சந்தேகப்பட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

காய்ச்சல் எல்லாம் இல்லை. இதே தப்பை, இதே பெங்களூரில், இருபத்தைந்து முப்பது வருடம் முன்னால் நானே செய்திருக்கிறேன். அதில் ஒரு பெண்ணின் உயிர் போகப் பார்த்தது.

அப்போது ஒரு கம்பெனியில் புரோகிராமர் வேலை. ஓய்வு நேரத்தில் ஒரு சின்ன ரத்ததான சங்கத்துக்கு கம்ப்யூட்டர் வேலை செய்து கொடுத்தேன். அதை நடத்தியவர் சரோஜா மேடம். ஓய்வு பெற்ற நர்ஸ். பேட்டைப் பேட்டையாக முகாம் போட்டு, ஃபாரம் நிரப்பி, ரத்தம் கொடுக்கிறவர்களின் லிஸ்ட்டை வைத்திருந்தார். அதை நான் டேட்டாபேஸில் ஏற்றினேன். பயந்துவிடாதீர்கள்... கோடு போட்ட நோட்டு மாதிரிதான். ஆளுக்கு ஒரு வரி. அதில் பெயர், பேட்டை, ரத்த க்ரூப், போன் நம்பர். நாம் கேள்வி கேட்டால் பொருந்துகிற வரிகளைப் பொறுக்கிக் கொடுக்கும். அந்தக் கேள்விக்கு க்வெரி என்று பெயர்.

ஒரு தொல்லை. இரண்டு முகாமுக்கு வந்தவர் லிஸ்ட்டில் இரண்டு தடவை இருந்தார். பெயரை வைத்துப் பிடிக்க முடியாது, ஃபாரத்துக்கு ஃபாரம் இனிஷியல் மாறும். நான் மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தேன். பெயர் மாறலாம், போன் நம்பர் மாறுமா? ஒரே நம்பர் இருந்தால் ஒரே ஆள். முதல் வரியை வைத்துக்கொள், மீதியை விட்டுவிடு!

ஒரே க்வெரி. லிஸ்ட் பாதியாக இளைத்தது.

"இத்தனை பேரா ரெண்டு ரெண்டு தடவை எழுதிட்டாங்க?" என்றார் மேடம்.

"ஜனங்க அப்படித்தான் மேடம்" என்றேன். எனக்கு ஒரே பெருமை.

இரண்டு வருடம் ஓடியது. ஒரு புதன்கிழமை, காலை பத்தே முக்கால். லீவு போட்டுவிட்டு சங்க ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டோடு ஓர் ஆள் மூச்சிரைக்க வந்தார். பெயர் முரளி, ஜீவனஹள்ளியில் டெய்லர். கழுத்தில் அளவு டேப் அப்படியே தொங்கியது. மனைவிக்கு எட்டாம் மாதம், திடீரென்று ரத்தப்போக்கு. பி நெகட்டிவ். ஆஸ்பத்திரியில் ஒரு பாட்டில்தான் இருக்கிறது. இன்னொன்று கையில் இல்லாமல் கத்தி வைக்க டாக்டர் யோசிக்கிறார். பன்னிரண்டு மணிக்குள் ஆள் வந்தால்தான் டெஸ்ட் எல்லாம் முடித்து இரண்டு மணிக்கு ஆபரேஷன்.

"அஞ்சு நிமிஷம்" என்றேன். இதற்காகத்தானே கம்ப்யூட்டர்?

பி நெகட்டிவ் என்று அடித்தேன். இரண்டே வரி. முதல் ஆள் சென்னைக்கு மாற்றலாகிப் போய்விட்டார். இரண்டாவது ஆள் போன மாதம்தான் கொடுத்திருக்கிறார், மூன்று மாதம் ஆகாமல் மறுபடி எடுக்கக் கூடாது. ஆக, யாரும் இல்லை.

முரளி என் முதுகுக்குப் பின்னால் நின்று ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். "வருதா சார்?" என்றார். பஸ் வருகிறதா என்று கேட்பது போல. 

"ஜோகுபாளையத்துல ஒருத்தன் இருக்கானே" என்றார் சரோஜா மேடம். "பெயின்ட் அடிக்கிறவன். என் கையால ஊசி குத்தினேன். பி நெகட்டிவ். பேருதான் வர மாட்டேங்குது."

"லிஸ்ட்ல இல்ல மேடம்."

"இருப்பான்."

"வேற க்ரூப்பா இருக்கும். கம்ப்யூட்டர்ல இல்லன்னா இல்லதான்."

"நீ ஸ்வல்ப சும்னிருப்பா" என்றார் கன்னடத்தில் பாதியாக. அர்த்தம், வாயை மூடு. பீரோவைத் திறந்து பழைய ஃபாரக் கட்டுகளைத் தரையில் கொட்டினார். எந்த முகாம், எந்த வருடம் என்று ஒரு வரிசையும் இல்லை. பதினொன்றே கால். நான் மறுபடி அதே க்வெரியை ஓட்டினேன். இரண்டாம் தடவை கேட்டால் வேறு பதில் வருமா என்ன? அதே இரண்டு வரி.

தரையில் மேடம் ஃபாரங்களைப் புரட்டிக்கொண்டே முணுமுணுத்தார். "பி.பி... இதுவும் பி.பி... இவனுக்கும் பி.பி..."

சுரீர் என்றது எனக்கு.

இன்றைக்கு ஆளுக்கு இரண்டு மொபைல் வைத்திருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். கனெக்ஷனுக்கு எழுதிப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. போன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு நம்பரையோ, கடை நம்பரையோ எழுதி, ஓரத்தில் பி.பி. என்று போடுவார்கள். போன் என்னுடையது இல்லை, கூப்பிட்டால் சொல்லி அனுப்புவார்கள் என்று அர்த்தம். ஜோகுபாளையத்தில் ஒரு தெருவுக்கே ஒரு மளிகைக் கடை போன். அத்தனை பேரும் அதே நம்பரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த பி.பி. எங்கே போயிற்று? போன் நம்பர் என்றால் எண்கள் மட்டும்தான் என்று விதி வைத்தவன் நான். இரண்டு எழுத்துக்கு அங்கே இடமே இல்லை.

பழைய டேபிளை, அதாவது வெட்டுவதற்கு முந்தைய முழு லிஸ்ட்டை, நான் அழித்திருக்கவில்லை. முன்யோசனை என்று நினைக்காதீர்கள், சோம்பல்தான். அதில் பி நெகட்டிவ் என்று கேட்டேன்.

மூன்று வரி. மூன்றாவது — தாஸ், ஜோகுபாளையம்.

இரண்டு வருடம் முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டேன். இந்த நம்பரில் எத்தனை பேர்? இருபத்து மூன்று பேர். இருபத்து மூன்று வெவ்வேறு பெயர், வெவ்வேறு வயது. அதில் ஒருவரை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு பேரை நான் தூக்கி எறிந்திருக்கிறேன்.

போனைச் சுழற்றினேன். ஒரு பெண் எடுத்தார். கடைக்காரம்மா.

"தாஸா? எந்த தாஸுங்க? பெயின்டர் தாஸா, லாரி தாஸா?"

"பெயின்டர்மா! அவசரம்."

"இப்பதான் டீ குட்ச்சிட்டுப் போனாரு. இந்திராநகர்ல ஒரு ஊட்ல வேல. இன்னா விசயம்?"

ரத்தம், எட்டு மாதக் கர்ப்பிணி, ஆஸ்பத்திரி பெயர் என்று கொட்டினேன்.

"ஐயோ... போன வைங்க. வைங்க நீங்க!"

வைத்துவிட்டார். போவாரா? ஆள் அனுப்புவாரா? க்ரூப்பைக்கூட நான் சொல்லவில்லை. திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தேன், யாரும் எடுக்கவில்லை.

முரளியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மேடம் ஆட்டோவில் பின்னால் வந்தார். வாசலில் நின்றோம். பதினொன்று ஐம்பது. பன்னிரண்டு. முரளி தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து டேப்பை விரலில் சுற்றுவார், பிரிப்பார், மறுபடி சுற்றுவார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. இவருடைய மனைவிக்கு ஏதாவது ஆனால் இவருக்கு நான் என்ன பதில் சொல்வேன்? டூப்ளிகேட் என்று நினைத்தேன் என்றா?

பன்னிரண்டு பத்துக்கு ஓர் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே ஐந்து பேர். டிரைவர் பக்கத்தில் தொற்றிக்கொண்டு வந்தவருக்கு முழங்கை வரை வெள்ளைப் பெயின்ட்.

"இவனேதான்!" என்றார் மேடம். கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு ஓடினார்.

கடைக்காரம்மா கடைசியாக இறங்கினார். "எந்த ரத்தம்னு நீங்க சொல்லவே இல்ல. அதான் வேலைக்குப் போவாம இருந்தவங்கள எல்லாம் இட்டுகினு வந்துட்டேன். எதுனா ஒண்ணு சேராதா?"

இரண்டரைக்கு நர்ஸ் வெளியே வந்தார். பெண் குழந்தை. தாயும் பிழைத்துவிட்டார். முரளி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். எனக்கும் உட்கார வேண்டும் போலிருந்தது, ஆனால் வெட்கமாக இருந்தது.

தாஸ் பெஞ்சில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏன் சார் ரெண்டு வருசமா எங்கள யாரையும் கூப்புடவே இல்ல?" என்றார். கோபமாக இல்லை, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டார். "ஜோகுபாளையத்து ரத்தம் வேணாம்னு உட்டுட்டீங்களோன்னு பேசிக்கினோம். எங்களுக்கு அது ஒண்ணும் புச்சு இல்லியே."

நான் விளக்கினேன். ஒரே நம்பர்... எல்லாரும் ஒரே ஆள் என்று கம்ப்யூட்டர்...

"கம்ப்யூட்டரா சார்?" என்றார். முகத்தில் ஒரு நிம்மதி. பிஸ்கட் பாக்கெட்டை என் பக்கம் நீட்டினார்.

"இல்ல தாஸ். நான்தான்" என்றேன். 

கூட வந்த மூன்று பேரும் அன்றைக்கே ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த வாரமே எல்லாரையும் திரும்பச் சேர்த்தேன். ஆளுக்கு ஒரு எண் கொடுத்தேன், யாருடைய போனையும் நம்பாத எண். டேட்டாபேஸ் பாடத்தில் முதல் நாளே இதைச் சொல்லித் தருவார்கள். நானும் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவன்தான். கடைக்காரம்மாவின் பெயரையும் சேர்த்தேன். அதுவரை போன் மட்டும்தான் லிஸ்ட்டில் இருந்தது, அவர் இல்லை.

போன வாரம் கிளினிக்கில் கடைசியில் யாரையும் எடுக்கவில்லை. மனைவிக்குக் காகிதத்தில் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள், ஒரு மணி நேரம் கூடுதலாகக் காத்திருந்தோம். அந்த சாஃப்ட்வேரை எழுதியது எந்தப் பிள்ளையோ... கெட்டிக்காரப் பிள்ளையாகத்தான் இருக்கும்.

அவருக்கும் ஒரு தாஸ் வந்து சேரட்டும் — பன்னிரண்டு பத்துக்குள்.